வெந்நீர்க் குழாய்க்குக் கலசம் வைத்த வரலாறு

ஏழாங்கட்டைத் தோட்டம்,
காஹாங் ரோடு, ஜொகூர்.
பவ வருஷம் ஐப்பசி மாதம் 25-ம் தேதி

ஜொகூர் பாரு இன்ஜின் பட்டறையில் ஃபிட்டராக விளங்குபவனும், இரும்பும் பித்தளையும் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் கைவண்ணம் படைத்தவனுமாகிய என் அண்ணன் மகன் சிரஞ்சீவி அர்ச்சுனனுக்கு, மேற்படி தோட்டத்தின் கணக்கெழுதும் பெரிய கிராணியும், இருபத்திரண்டு வருஷமாகத் தலைப்பாகை கோணாமல் ஆபீஸ் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தவனும், நாலு நாளாக அதே நாற்காலியின் நுனியில் மட்டும் உட்கார்ந்திருப்பவனுமாகிய உன் சித்தப்பா சதாசிவம் தலைமேல் கை வைத்து ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. (கை வைத்தது என் தலைமேல்.) இங்கே நானும், உன் சித்தி ராஜம்மாவும், உன் அம்மாவும் சௌக்கியம். மழையும் சௌக்கியமாக இருக்கிறது; ஒரு நாள் தவறாமல் வந்து போகிறது. உன் தங்கை புஷ்பவள்ளியும் மாப்பிள்ளை ராஜசேகரனும் சௌக்கியமா என்பது பெக்கான் நானாஸிலிருந்து கடிதம் வந்தால்தான் தெரியும். வருமா என்பது அதற்கு முந்தின கேள்வி.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் தைரியம் தீர்ந்துவிடும். கார்த்திகை முதல் தேதி நீ நம் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் இன்ஜின் டிரைவராக வந்து சேர வேண்டியவன். உனக்காகத் துரையிடம் பேசியவன் நான். "என் அண்ணன் மகன் தொட்டால் நின்ற இன்ஜின் ஓடும், ஓடுகிற இன்ஜின் பாடும், பாடுகிற இன்ஜின் பரதநாட்டியம் ஆடும்" என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தவனும் நான். அன்றைக்கே உன் அம்மா பின்னறையைக் காலி பண்ணி, தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்து, உன் கட்டில் போட இடத்தை முழம் போட்டு அளந்து வைத்துவிட்டாள். எட்டு வருஷமாக மகனை வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் பார்த்து வந்தவள். இந்தத் தீபாவளிக்குப் பட்டறையில் லீவு இல்லை என்று நீ எழுதினபோதுகூட, "பரவாயில்லை, அடுத்த மாசம் இங்கயேதானே இருக்கப் போறான்" என்று அந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வேலை இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. தொங்கவிட்டவன் உன் சித்தப்பா. எதனால் என்று கேட்பாய். ஒரு தேங்காயால்.

கதை வைகாசியில் புஷ்பவள்ளியின் கல்யாணப் பந்தலில் ஆரம்பமானது. மாப்பிள்ளை அன்னாசி ஆலையில் கிராணி வேலை பார்க்கிறவர் என்பது உனக்குத் தெரியும். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "எங்க மேனேஜர் வீட்டுல குழாயைத் திருகினா வெந்நீர் வரும் மாமா" என்று சாதாரணமாகச் சொன்னார். சும்மா இருந்திருக்கலாம். பாயசம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். ஆனால் நூறு பேர் சாப்பிடுகிற பந்தியில் ஒரு பெரிய கிராணி எப்படிச் சும்மா இருப்பான்? "அப்படிங்களா மாப்பிள்ளை? தலைத் தீபாவளிக்கு நம்ம வீட்டுக்கு வாங்க. நீங்க திருகவே வேணாம். குழாயை ஒரு பார்வை பார்த்தா போதும், வெந்நீர் வந்து காலைத் தொட்டுக் கும்பிடும்" என்று சொல்லிவிட்டேன். பந்தி முழுவதும் சிரித்தது. அப்போது நம் வீட்டில் இருந்தது மூன்று கல்லும், கரி பிடித்த ஒரு அண்டாவும், அதில் தண்ணீர் மொள்ளும் ஒரு செம்பும்தான்.

அதற்குப் பிறகுதான் உனக்கு எழுதினேன். நீயும் நல்ல பிள்ளையாக, வீட்டுக்கு வெந்நீர் டிரம் பூட்டுவது எப்படி என்று நாலு பக்கம் விவரமாக எழுதி, கூடவே நீல மையில் ஒரு படமும் போட்டு அனுப்பினாய். அந்த நாலு பக்கத்தையும் நான் ஒழுங்காகப் படித்தேன் என்று எழுதினால் இந்தக் கடிதத்தின் முதல் பொய் அதுவாகிவிடும். என் மனசைக் கொள்ளை கொண்டது படம்தான். என்ன கோடு, என்ன அம்புக்குறி! சமுத்திரத்தில் கப்பல் விடுகிறவர்கள்கூட அப்படி ஒரு படத்தைக் கண்டிருக்க மாட்டார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்து, "யாரோட ஜாதகங்கய்யா இது? கட்டம் கட்டமா இருக்கே, யோக ஜாதகம்தான்" என்றார்கள். படம் சட்டத்தைவிட நாலு விரல்கடை நீளமாக இருந்தது. கீழே நீ சிவப்பு மையில் ஏதோ நெருக்கி எழுதியிருந்தாய். சிவப்பு மையைப் பார்த்தால் வருகிறவர்கள் மிரளுவார்களே என்று அந்தப் பகுதியை அழகாகப் பின்பக்கம் மடித்துவிட்டேன்.

டிரம் செய்தது குளுவாங்கில் தகரப் பட்டறை வைத்திருக்கும் சீனர். நல்ல மனுஷன், குறைந்த பேச்சு. வந்து அடுப்புக் கட்டி, டிரம்மை மேலே ஏற்றி, மூன்று குழாயும் பூட்டினார். மேடைமேல் இருக்கிற தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் வர ஒரு குழாய், அதில் ஒரு திருகு. வெந்நீர் சுவரைத் துளைத்துக் குளியலறைக்குள் போக ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு திருகு. மூன்றாவது, டிரம்மின் உச்சந்தலையிலிருந்து நேரே மேலே போகிற குழாய். அதற்குத் திருகு கிடையாது, மூடி கிடையாது, ஒன்றும் கிடையாது. வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்க்கிற வேலை மட்டும்தான். அடுப்பைக் கூரைக்கு அப்பால் தள்ளிக் கட்ட வேண்டும் என்று நீ எழுதியிருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் மழையில் விறகு நனையுமே என்று குளியலறையின் அத்தாப்பு ஓலைக் கூரைக்கு அடியிலேயே கட்டச் சொன்னேன். சீனர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கட்டினார். போகும்போது மேலே கை காட்டி, "அத்தாஸ் ஜாங்கான் தூத்துப், கிராணி!" என்றார். மேலே அடைக்காதே என்று அர்த்தம். லாரி வரைக்கும் போனவர் திரும்பி வந்து மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாவது தரம் பேச்சே இல்லை. ஏணி போட்டு ஏறி, அந்தக் குழாய் வாயில் விரலை விட்டு எடுத்து, விரலை என்னிடம் ஆட்டிக் காட்டினார். நான் "தாவு, தாவு" என்றேன். தெரியும், தெரியும் என்று. இருபத்திரண்டு வருஷமாக மலாய் பேசுகிறவனுக்கு ஒரு விரலுக்கு அர்த்தம் தெரியாதா?

சோதனைக்கு அடுப்பு மூட்டினோம். அரை மணியில் குழாயில் வெந்நீர் வந்தது. அர்ச்சுனா, உண்மையாகவே வந்தது. திருகினேன், வந்தது, மூடினேன், நின்றது, மறுபடி திருகினேன், மறுபடி வந்தது. நாற்பது தடவை திருகியிருப்பேன். லயத்து ஜனம் முழுவதும் வந்து ஆளுக்கொரு விரலை நீட்டிச் சுட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போனது. அன்றைக்கே நிறுத்தியிருந்தால் என் பெயர் காஹாங் வரலாற்றில் கல்வெட்டாக நின்றிருக்கும். ஆனால் என் கண்ணுக்கு இரண்டு குறை தெரிந்தது. ஒன்று, காய்ந்த தண்ணீர் பச்சைத் தண்ணீர்க் குழாய் வழியாகத் தொட்டிக்கே திரும்பிப் போகிறது. அந்தத் திருகை இறுக்கி மூடிவிட்டேன். இரண்டாவது, மேல் குழாய் வழியாக ஆவி போகிறது.

"ராஜம்மா, இங்க வந்து பாரு. நம்ம விறகு, நம்ம தண்ணி, நம்ம அடுப்பு. ஆவி மட்டும் ஊருக்குப் போகுது" என்றேன்.

"போகட்டுமே. சோத்துப் பானையில போகலையா? அதைப் புடிச்சு வெச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க, ரயிலா ஓட்டப் போறீங்க?" என்றாள் உன் சித்தி.

"இது இன்ஜினீயரிங். உனக்குப் புரியாது."

உன் சித்தி நேரே அடுப்பங்கரைக்குப் போய், கொதிக்கிற சோற்றுப் பானையின் தட்டை எடுத்து என் மூக்குக்கு நேரே ஒரு நிமிஷம் பிடித்துக் காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுபோய்ப் பானையின் மேல் சற்றுச் சாய்வாகவே வைத்தாள். அந்தச் சாய்வில் உன் நாலு பக்கமும் இருந்தது. நான் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் வெந்நீர்ப் பானையைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, தண்ணீர் நிரப்பி வைப்பது நம் வழக்கம். பானைக்கே அத்தனை மரியாதை என்றால் டிரம்முக்கு எத்தனை வேண்டும்? உன் சித்தி மூன்று சந்தனப் பட்டை போட்டாள், நடுவில் குங்குமம் வைத்தாள், கூட ஒரு சாமந்தி மாலையும் போட்டாள். வேலை முடிந்ததும் எல்லாரும் தள்ளி நின்று பார்த்தோம். பெருமாள் கோயில் கோபுரம் தோற்றது. ஆனால் உச்சியில் அந்தக் குழாயின் வாய் மட்டும் பொக்கையாக, பல் இல்லாத கிழவன் கொட்டாவி விடுகிற மாதிரி இருந்தது. கலசம் இல்லாத கோபுரம். இதற்குமேல் நடந்ததை விசாரணையில் இருக்கும் விஷயம் என்பதால் சுருக்கமாகவே எழுதுகிறேன். அந்த வாயில் மாவிலை செருகப்பட்டது. மாவிலைக்கு நடுவே ஒரு முற்றின தேங்காய், மஞ்சள் பூசி, கூர்முனை கீழே பார்க்க உட்கார வைக்கப்பட்டது. தேங்காய் ஆடியது. ஆடுகிற கலசம் அபசகுனம் என்பதால் பச்சரிசி மாவு பிசைந்து சுற்றிலும் கெட்டியாக அப்பப்பட்டது. மாவு நனைந்து போகக்கூடாதே என்று செம்புக் கம்பியால் நாலு சுற்றுச் சுற்றிக் குழாயோடு முறுக்கப்பட்டது. இதையெல்லாம் செய்தது யார் என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. வீட்டில் அன்று கூட்டம் அதிகம்.

தீபாவளி அன்று விடியுமுன் எண்ணெய் முழுக்கு என்பது உலக வழக்கம். நம் மாப்பிள்ளை பஸ்ஸில் வந்த களைப்பில் எழுந்தபோது மணி ஏழரை. அதனால் நல்ல வெயிலில், எல்லாரும் பார்க்கும்படியாகவே எல்லாம் நடந்தது. உன் சித்தி தலையில் எண்ணெய் வைத்துவிட, மாப்பிள்ளை உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டு, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த வாழைக்காய் பஜ்ஜியைப் போல மினுமினுவென்று, கோவணத்தோடு குளியலறை மணையில் உட்கார்ந்தார். வெளியே அடுப்புப் பார்த்தது உன் அம்மா.

"தம்பி, உள்ள என்னமோ முனகுது" என்றாள்.

"முனகட்டும் அண்ணி. வேலை செய்யுது."

"இல்ல தம்பி, டிரம்மு லேசா நடுங்குது. விறகை இழுத்துரட்டுமா?"

"அதெல்லாம் வேணாம், இன்னும் ரெண்டு வைங்க. மாப்பிள்ளைக்குக் கொதிக்கக் கொதிக்க இருக்கணும்."

உன் அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு கட்டை வைத்தாள். கொழுந்தன் சொன்னால் அவள் மறுத்துப் பேசினதில்லை. அதைத்தான் நான் இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

அதே நேரத்தில் துரை வந்தார். தீபாவளி அன்று காலையில் துரை லயத்துக்கு வந்து மாலை வாங்கிக்கொண்டு போவது வழக்கம். கோயில் மேளம் முன்னால் போக, மோட்டார் கார் ஆமை மாதிரி பின்னால் வரும். கார் நம் வீட்டு வேலி ஓரம் வந்து நின்றது. துரை இறங்கினார், நான் ரோஜா மாலையை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். அப்போது மாப்பிள்ளை உள்ளே குழாயைத் திருகினார். வெந்நீர் வரவில்லை. ஆயிரம் நல்லபாம்பு ஒரே சமயத்தில் சீறினது போல ஒரு சத்தம் வந்தது. "மாமா! குழாய் என்னைத் திட்டுது மாமா!" என்று கத்திக்கொண்டு மாப்பிள்ளை கதவை உடைத்து வெளியே பாய்ந்தார்.

அடுத்த கணம் வெடித்தது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்? மெர்சிங்கில் மீனவர்கள் வலையைப் போட்டுவிட்டுக் கரையேறினார்களாம். நம் காட்டுக் குரங்குகள் எல்லாம் அன்றே குடும்பத்தோடு பஹாங்குக்குக் குடிபெயர்ந்தன, இன்னும் திரும்பவில்லை. அத்தாப்புக் கூரை இரண்டு பாகமாகப் பிரிந்து, ஒரு பாகம் கோழிக்கூண்டுக்குக் குடைபிடித்தது. டிரம்மின் உச்சியிலிருந்து வெந்நீரும் ஆவியும் தென்னைமர உயரத்துக்குப் பீறிட்டது. தேங்காய் போன உயரத்தைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். மேகத்தில் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டது. அன்று மத்தியானம் மழை அந்த ஓட்டை வழியாக மட்டும்தான் பெய்தது. துரை, நான், மேளக்காரர், ஜனம் எல்லாரும் வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். அது இறங்குவதற்குள் சாயங்காலம் ஆகிவிடுமோ என்று பயந்தேன். கடைசியில் மேகத்துக்குள் தன் வேலையை முடித்துக்கொண்டு அது இறங்கி வந்து, துரையின் காரின் மூக்கில் விழுந்து, கத்தி வைத்து வெட்டினது போலச் சரிபாதியாகப் பிளந்தது.

ஜனம் "அரோகரா!" என்று கை கூப்பியது. அவர்கள் மேல் குற்றமில்லை; அத்தனை சுத்தமாக உடைந்த தேங்காயைக் கோயிலில்கூட யாரும் பார்த்ததில்லை. மேளக்காரர் இதுதான் சமயம் என்று கொட்டிவிட்டார். இதற்கு நடுவே மாப்பிள்ளை வேலியைத் தாண்டி வருகிறார், பிடிக்கப் போனவர்கள் கையிலிருந்தெல்லாம் விலாங்கு மாதிரி வழுக்குகிறார், கடைசியில் திறந்திருந்த கார்க் கதவைக் கண்டு உள்ளே பாய்ந்து, துரையின் ஆசனத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். வெளியே வா என்றால் வரமாட்டேன் என்கிறார். இந்த நாலு நாளில் அந்த ஆசனத்தை மூன்று தரம் சீயக்காய் போட்டுக் கழுவியாகிவிட்டது. இன்னும் துரை உட்கார்ந்தால் வழுக்கிக் கீழே வருகிறாராம்.

துரை தேங்காயின் ஒரு மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினார், செம்புக் கம்பியை இழுத்துப் பார்த்தார்.

"கிராணி, இது என்னா? யார் பூட்டினது?"

அர்ச்சுனா, எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஆயிரம் கண். கையில் மாலை. என் நாக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என் அண்ணன் மகன் துரை. ஜொகூர் பாருல இருக்கான். அவன் படம் போட்டான், அவன் சொன்னபடிதான் எல்லாம் பூட்டினோம்" என்று அது சொல்லிவிட்டது.

"ஸ்டோர் இன்ஜினுக்கு வர்ற ஆளா?"

"ஆமா துரை."

"அப்போ வரவேணாம். இன்ஜின் தேங்காய் இல்ல" என்றார் துரை. காருக்கு அந்தப் பக்கம் உன் அம்மா நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. தேங்காயைக் கட்டினது யார் என்று அவளுக்குத் தெரியும். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தானே. குனிந்து, கீழே கிடந்த இன்னொரு தேங்காய் மூடியை எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாப்பிள்ளை அன்று சாயங்கால பஸ்ஸிலேயே, பாதி எண்ணெயோடு, புஷ்பவள்ளியையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதுகூட ஒருவிதத்தில் ஆறிவிடும். ஆறாதது உன் அம்மா எனக்குத் தரும் காப்பிதான். நாலு நாளாகக் காலையிலும் மாலையிலும், ஒரே கையால் டம்ளரை ஏந்திக்கொண்டு வந்து, "குடிங்க தம்பி, ஆறிடும்" என்று வைத்துவிட்டுப் போகிறாள். திட்டினால் தாங்குவேன். டம்ளரை ஓங்கி வைத்தால்கூடத் தாங்குவேன். மெதுவாக வைக்கிறாள். பின்னறைக்குள் நான் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தச் சுண்ணாம்பு அத்தனை வெள்ளையாக இருக்கிறது.

ஆகையால் உன்னிடம் ஒரு உதவி கேட்கிறேன். நீ துரைக்கு ஒரு கடிதம் எழுது. படத்தில் ஒரு கோடு பிசகிவிட்டது, அதனால்தான் இப்படி ஆயிற்று, மன்னிக்கவும் என்று நாலு வரி போதும். உனக்கு இருபத்தாறு வயசு. உன் வயசில் விழுகிற பழி ஒரு மழையில் கரைந்துவிடும். சின்னப் பையன் தப்பு என்று துரையே ஆறு மாசத்தில் மறந்துவிடுவார். அப்போது நான் மறுபடி போய் உனக்காகப் பேசுகிறேன், இன்ஜின் பாடும் ஆடும் என்றெல்லாம் சொல்கிறேன். என் கதை அப்படியா? பெரிய கிராணி தன் கையால் கட்டினான், தன் வாயால் பொய் சொன்னான் என்று தெரிந்தால் நாளைக் காலை ஆள் எடுக்கும் பெரட்டில் அத்தனை ஜனத்துக்கு முன்னால் எந்த முகத்தோடு நின்று பெயர் கூப்பிடுவேன்? ஆபீஸ் வாசலில் இப்போதே யாரோ ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்துவிட்டுப் போகிறார்கள், தினமும் ஒன்று. எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன். உன் அப்பா போன அன்று "உன் பிள்ளைக்கு நான் இருக்கிறேன்" என்று அவர் காதில் சொன்னவன்தான் இதை எழுதுகிறேன் என்பதையும் மறக்கவில்லை.

நீ முடுக்குகிற திருகெல்லாம் இறுகட்டும், நீ மூட்டுகிற அடுப்பெல்லாம் அடங்கி எரியட்டும், உன் தலைமேல் எந்தக் காலத்திலும் எதுவும் விழாமல் இருக்கட்டும். பட்டறையில் உள்ள பெரியவர்களுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும். நான் பெரிய கிராணி என்று அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
சதாசிவம்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டுப் பசை தடவப் போனேன். படத்தில் எந்தக் கோடு பிசகு என்று எழுத வேண்டும் என்பதை உனக்குச் சொல்ல வேண்டுமே என்று படத்தைச் சுவரிலிருந்து இறக்கிச் சட்டத்தைக் கழற்றினேன். மடித்த இடம் பிரிந்தது. நீ சிவப்பு மையில் எழுதியிருந்தது இரண்டே வரி. "இந்தக் குழாயின் வாயை எதற்காகவும், யாருக்காகவும் அடைக்க வேண்டாம் சித்தப்பா. அடுப்புக்கு விறகு வைக்கப் போவது அம்மாவாகத்தான் இருக்கும்."

அர்ச்சுனா, உன் அம்மா சௌக்கியம் என்று ஆரம்பத்தில் எழுதினேன் அல்லவா, இந்தக் கடிதத்தின் முதல் பொய் அதுதான். மேலே பீறிட்ட வெந்நீர் இறங்கினது அவள் இடது கையில். முழங்கை வரைக்கும் கொப்புளம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் தினமும் வந்து மருந்து வைத்துக் கட்டுகிறார். காய்ந்து வருகிறது, விரலெல்லாம் நன்றாக மடங்குகிறது, பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதில் என் சரக்கு ஒன்றும் இல்லை. "பையனுக்கு எழுதாதீங்க தம்பி, வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துருவான்" என்று சொன்னவள் அவளே. ஒரு கையால் காப்பி கொண்டுவந்ததற்குக் காரணம் அதுதான். அந்தத் தேங்காயைக் கட்டினவன் நான். மாவு பிசைந்தது நான். கம்பியை நாலு சுற்றுச் சுற்றி, போதாது என்று குறடு வைத்து முறுக்கினதும் நான். அன்று வீட்டில் கூட்டமே இல்லை.

படத்தை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். துரை வராந்தாவில் இருந்தார். சிவப்பு மையைக் காட்டி, அதில் இருப்பதை அவருக்குப் புரியும்படி சொன்னேன்.

"இதை மடிச்சு வெச்சது நான் துரை. தேங்காய் கட்டினதும் நான்தான். பையன் சரியாத்தான் எழுதியிருக்கான்."

"அன்னிக்கு ஏன் பொய் சொன்னே, கிராணி?"

"வெக்கமா இருந்துச்சு துரை."

"இப்போ?"

"இப்பவும் இருக்கு. ஆனா இது வேற வெக்கம்."

அவர் படத்தின் கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு, "முதல் தேதி அவன் வரட்டும். இன்ஜினுக்கு முன்னாடி உன் வீட்டு டிரம். கூரையை விட்டுத் தள்ளி, இந்தப் படத்தில இருக்கற மாதிரி. அவன் பூட்டும்போது நீ பக்கத்தில நின்னு ஸ்பானர் எடுத்துக் குடு" என்றார். எல்லாரும் பார்க்கும்படி, தலைப்பாகை இல்லாமல் என்று அவர் சொல்லவில்லை; அதை நானே சேர்த்துக்கொண்டேன். ஆகவே நீ துரைக்கு ஒன்றும் எழுத வேண்டாம். மேலே உள்ளதைக் கிழித்துப் போடாதே, வைத்துக்கொள். நாளைக்கு நான் மறுபடி பந்தியில் ஏதாவது அளந்தால் எடுத்துக் காட்டு. தேங்காய் மேகத்துக்கெல்லாம் போகவில்லை. நம் வீட்டு மாமர உயரம் போயிருக்கும். அது சின்ன மாமரம் என்பது உனக்குத் தெரியும்.

குழாயின் வாய் இப்போது திறந்தே இருக்கிறது. அடுப்பு மூட்டவில்லை, நீ வந்துதான் மூட்ட வேண்டும். ஆனாலும் உன் அம்மா காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் வெளியே போய் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் எனக்குக் காப்பி வைக்கிறாள்.